சின்ன மானியம், பெரிய சண்டை: வாசகர் கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் ஓர் உள்ளாட்சி மன்றத்தின் மானியப் பிரிவில் வேலை பார்த்தேன். விண்ணப்பத்தில் தேதி முத்திரை குத்துவதில் ஆரம்பித்து, முடிவெடுக்கும் குழுவுக்குக் குறிப்பு எழுதுவது வரை எல்லாம் செய்தாயிற்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானியம், வார்டு நிதி, மக்கள் வாக்களிக்கும் பட்ஜெட் என்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதில் பெரும்பாலானவை கோபமான கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மா, நாங்கள் சிறுவர்களுக்கு ஒரு வாசிப்பு அறை நடத்துகிறோம். மூன்று வருடமாக மானியம் கேட்டு விண்ணப்பிக்கிறோம். மூன்று வருடமும் 'பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது. இரண்டு சங்கங்களுக்கு மட்டும் வருடம் தவறாமல் கிடைக்கிறது. உள்ளே ஆள் இருந்தால்தான் நடக்குமா?

உள்ளே ஆள் இருந்து நடந்ததையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலும் காரணம் அதைவிடச் சலிப்பானது.

முதலில் உங்கள் மன்றம் எந்த வழியில் பணத்தைப் பிரிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, 'உங்கள் வார்டில் யாருக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரையுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். அங்கே இருபது பக்க விண்ணப்பம் எழுதுவது வீண். நிதியாண்டின் தொடக்கத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். கடைசிக் காலாண்டில் போனால் அந்தப் பணம் ஏற்கெனவே நாலு பேருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். வேறு சில இடங்களில் அதிகாரிகள் மதிப்பெண் போட்டுக் குழுவுக்கு அனுப்புவார்கள். அங்கே யாரைப் போய்ப் பார்த்தும் பயனில்லை, விண்ணப்பம்தான் பேசும். இன்னும் சில இடங்களில் மக்களே வாக்களிப்பார்கள்.

உங்களுக்கு வந்த ஒரு வரிக் கடிதத்தைப் பார்த்தால் மதிப்பெண் வழி போலத் தெரிகிறது. அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்கும் தலைப்புகள் இவை: யாருக்குப் பயன், தேவைக்கு ஆதாரம் உண்டா, செலவுக் கணக்கு கூட்டினால் சரியாக வருகிறதா, மானியம் தீர்ந்த பிறகு இது எப்படி நடக்கும், அப்புறம் 'சங்கத்தின் திறன்'. இந்தக் கடைசித் தலைப்பில்தான் புதியவர்கள் விழுவார்கள். திறனுக்குச் சான்றாகக் கேட்பது தணிக்கை செய்த கணக்கும், முன்பு வாங்கிய மானியத்தின் விவரமும். முன்பு மானியம் வாங்கியவர்களிடம்தான் அது இருக்கும். ஒருமுறை உள்ளே வந்தவர் வெளியே போகமாட்டார், வெளியே நிற்பவர் உள்ளே வர முடியாது. இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் போன் போடவில்லை. விதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு வருடம் என் மேசைக்கு இரண்டு விண்ணப்பம் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, தனியாக வசிக்கும் முதியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் பெண்கள் குழுவுடையது. பேனாவால் எழுதிய இரண்டே பக்கம், ஒரு கூட்டல் தப்பு. இன்னொன்றில் வண்ணப் படம், வரைபடம், பொருளடக்கம் எல்லாம் இருந்தன. என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவதற்கு 41 மதிப்பெண், இரண்டாவதற்கு 78. போட்டது நான்தான். தாளில் இருந்த தலைப்புகளின்படி அது சரியான மதிப்பெண்ணும்கூட. அதற்கப்புறம்தான், எழுதிக் கொடுக்க முடியாதவர்கள் குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் வாயால் சொல்லலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிப் போராடினேன். மூன்று வருடம் கழித்துச் சேர்த்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 'ஏன் கொடுக்கவில்லை' என்று கேட்டு எழுதாதீர்கள். 'எங்கள் மதிப்பெண் தாளின் நகல் வேண்டும்' என்று எழுதுங்கள். எந்தத் தலைப்பில் குறைந்தது என்று அதில் தெரிந்துவிடும். அடுத்த முறை இருப்பதிலேயே சிறிய பிரிவில் கேளுங்கள். சிறிய தொகைக்குத் தணிக்கை அறிக்கை கேட்காத மன்றங்கள் நிறைய உண்டு, வங்கிக் கணக்குத் தாளே போதும். வாசிப்பு அறைக்கு வரும் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டில் நாலைந்து பக்கத்தை நகலெடுத்து வையுங்கள். அழகான முன்னுரையைவிட அது நின்று பேசும். 'முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள்' என்ற கோரிக்கையையும் வையுங்கள். ஆனால் அறிவிப்பு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அடுத்த வருட விதிகளை எழுத உட்காரும் முன்பே மனு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: விழா நெருங்கிவிட்டதால் கைக்காசு போட்டு மேடை, ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டோம். மானியம் வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாமா?

முடியாது. அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முந்தைய ரசீதை மானியப் பிரிவுகள் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. தேதியைத் திருத்தி வேறு ரசீது வாங்கலாமா என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர் நான். எங்கள் நிதியை வார்டுக்குச் சமமாகப் பிரிக்கலாம் என்கிறார் தலைவர். மக்கள்தொகைப்படி என்கிறார் ஒருவர். தேவைப்படி என்கிறார் இன்னொருவர். எது நியாயம்?

தலைவர் ஏன் சமமாகப் பிரிக்கச் சொல்கிறார் தெரியுமா? அதில் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வார்டில் 4,000 பேர், இன்னொன்றில் 12,000 பேர் என்றால், இரண்டாவது வார்டுக்காரருக்குத் தலைக்கு மூன்றில் ஒரு பங்குதான் விழும்.

மக்கள்தொகைப்படி என்பது தலைக்கணக்கில் சரி. ஆனால் தெருவிளக்கு, நடைபாதை, பூங்கா எல்லாம் முடிந்துபோன பெரிய வார்டு அந்தப் பணத்தில் நாலாவது சாய்வு பெஞ்சு போடும். பக்கத்து வார்டில் வடிகாலே இருக்காது.

தேவைப்படி என்றால் உடனே கேள்வி வரும்: தேவையை எதை வைத்து அளப்பது? பழைய கணக்கெடுப்பை எடுத்தால் அதற்குப் பிறகு முளைத்த குடியிருப்புகள் அதில் இருக்காது. மிகவும் தேவைப்படுகிறவர்களே பட்டியலில் இல்லாமல் போவார்கள்.

பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989இல் இந்தச் சண்டைக்கு ஒரு வழி கண்டது. நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு போகும் என்பதை மூன்றை வைத்துக் கணக்கிட்டார்கள்: அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், சாலை, வடிகால் போன்ற ஒரு வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்த வட்டார மக்களே தங்கள் கூட்டத்தில் அதை எத்தனையாவது இடத்தில் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடை. பெருக்கிக் கூட்டினால் சாலைக்கு இவ்வளவு, வடிகாலுக்கு இவ்வளவு என்று வட்டாரவாரியாகப் பங்கு வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது அளவுகோல். சாலை இல்லாத வட்டாரத்துக்கு முதலில் சாலைதான் வேண்டும் என்று அதிகாரி முடிவு கட்ட முடியாது. அவர்கள் கழிவுநீர்க் குழாயை முதலில் வைத்தால் பணம் அதற்குப் போகும். எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதையும் மக்கள் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ள முடிந்தது. இதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. முடிவான வேலைகள் முடியாமல் பாக்கி சேர்ந்துகொண்டே போய், 2017இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்தார்கள். வாக்குக் கொடுத்த வேலைக்குப் பணம் இல்லையென்றால் எந்தச் சூத்திரமும் நிற்காது.

உங்கள் மன்றத்துக்கு என் யோசனை: மூன்றில் ஒரு பங்கைச் சமமாகப் பிரியுங்கள், சின்ன வார்டுகள் வெறுங்கையோடு போகக் கூடாது. மீதியை மக்கள்தொகையும் வசதிக் குறைவும் சேர்ந்த கணக்கில் பிரியுங்கள். அந்த அட்டவணையை விண்ணப்பம் கேட்பதற்கு முன்பே வெளியிட்டுவிடுங்கள். பிறகு வெளியிட்டால், எவ்வளவு நேர்மையாகச் செய்திருந்தாலும் ஆளைப் பார்த்து எழுதியது என்றுதான் பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மக்கள் வாக்களித்து வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. நாங்களும் ஆவலாகப் போனோம். ஆனால் வடக்குப் பகுதியில் ஆள் அதிகம், எல்லாப் பணமும் அங்கேயே போய்விட்டது. தெற்கில் இருக்கும் நாங்கள் இனி எதற்கு வாக்களிக்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயம். அது வடக்குக்காரர்களின் தவறு இல்லை, வாக்கை எண்ணும் முறையில் உள்ள கோளாறு. இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

வாக்களித்தவர்கள் 100 பேர், வடக்கில் 60, தெற்கில் 40 என்று வைப்போம். பணம் 100 அலகு. ஒவ்வொரு திட்டத்துக்கும் 30 அலகு செலவு. வடக்கில் மூன்று திட்டம், ஒவ்வொன்றுக்கும் வடக்குக்காரர்கள் 60 பேரும் வாக்களிக்கிறார்கள். தெற்கில் ஒரே திட்டம், அதற்கு 40 வாக்கு. வாக்கு அதிகமானதிலிருந்து வரிசையாக எடுத்தால் வடக்கின் மூன்றும் தேறி 90 அலகு தீர்ந்துவிடும். மிச்சம் 10. தெற்குக்கு ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நாற்பது பேருக்கு நூற்றுக்குப் பூஜ்யம்.

இப்போது வேறு மாதிரி எண்ணுவோம். 100 அலகையும் முதலில் வாக்காளர்களுக்குத் தலைக்கு ஒன்றாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டம் தேற வேண்டுமானால், அதற்கு வாக்களித்தவர்கள் தங்கள் பங்கிலிருந்து சமமாகப் போட்டு அந்தச் செலவைக் கட்ட வேண்டும். தலைக்குக் குறைவாக விழும் திட்டம் முதலில் வரும். வடக்கின் முதல் திட்டத்துக்கு 60 பேரும் தலைக்கு அரை அலகு போடுகிறார்கள். இரண்டாவதுக்கும் அரை அலகு. அத்துடன் அவர்கள் பங்கு காலி, மூன்றாவது திட்டத்துக்குக் காசில்லை. தெற்கின் 40 பேர் தலைக்கு முக்கால் அலகு போட்டால் 30 சேர்ந்துவிடும். வடக்குக்கு இரண்டு, தெற்குக்கு ஒன்று. செலவு அதே 90 அலகுதான்.

இதைச் சமபங்கு முறை என்று சொல்லலாம். டொமினிக் பீட்டர்ஸ், பியோத்ர் ஸ்கோவ்ரோன் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் முன்வைத்தார்கள். போலந்தின் வியேலிச்கா நகரமும், சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் 2023இல் இந்த முறையில் உண்மையாகவே பணத்தைப் பிரித்தன. வாக்குச்சீட்டு மாறுவதில்லை, பிடித்த திட்டங்களைக் குறித்தால் போதும். மாறுவது எண்ணும் விதம் மட்டும்தான். உங்கள் மன்றத்தில் இதைச் சொன்னால் 'மக்களுக்குப் புரியாது' என்பார்கள். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

இது சிக்கல் என்று நினைக்கும் ஊர்களுக்கு எளிய வழியும் உண்டு: பகுதிவாரியாகப் பணத்தைப் பிரித்துவிட்டு அதனதன் உள்ளே வாக்கெடுப்பு. பாரிஸ் நகரம் ஏழ்மையான குடியிருப்புகளுக்கு என்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தது. ஆனால் இரண்டு பகுதிக்கும் பொதுவான ஒரு நூலகமோ பாலமோ வந்தால் இந்த எளிய வழி திண்டாடும். சமபங்கு முறையில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: 'உங்கள் பட்ஜெட், உங்கள் முடிவு' என்று பெரிய பலகை வைக்கிறார்கள். மொத்த வரவு செலவில் நாம் முடிவு செய்வது எவ்வளவு?

கொஞ்சம்தான். போலந்தில் 2018இல் வந்த சட்டப்படி பெரிய நகரங்கள் செலவில் குறைந்தது 0.5 விழுக்காட்டை இப்படிப் பிரிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மன்றங்கள் 2017இல் குறைந்தது 1 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டன. பாரிஸ் 2014இல் முதலீட்டுச் செலவில் 5 விழுக்காடு என்று ஆரம்பித்தது. இவற்றின் பக்கத்தில் கேரளத்தை வையுங்கள்: 1996இல், ஊர் வேலைகளை மக்களே கூடித் திட்டமிடும் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது மாநிலத்தின் வளர்ச்சித் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போனது. பலகையின் அளவையும் தொகையின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கேள்வி: மாலை வகுப்புக்கு ஆசிரியர் சம்பளம் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். கணினி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களாம். இது என்ன நியாயம்?

மூலதனச் செலவுக்கு, அதாவது நிலைத்து நிற்கும் பொருளை வாங்கவோ கட்டவோ ஒதுக்கிய பணத்தைச் சம்பளமாகக் கொடுக்க முடியாது. நியூயார்க்கில் 2011இல் நான்கு நகர மன்ற உறுப்பினர்கள் தலைக்குக் குறைந்தது 10 லட்சம் டாலரை மக்கள் வாக்குக்கு விட்டார்கள். அங்கேயும் கட்டடம், பூங்கா, பள்ளிக் கருவி என்று சில வருடம் நிலைத்து நிற்கும் பொருளுக்குத்தான் அந்தப் பணம். அதனால்தான் உலகமெங்கும் மக்கள் வாக்களித்த பட்டியல்களில் பெஞ்சும் மரக்கன்றும் கணினியும் நிறைந்திருக்கின்றன, ஆசிரியர் இல்லை. மக்களுக்கு பெஞ்சு மேல் ஆசை என்று அர்த்தமில்லை. உங்கள் மன்றத்தில் சம்பளம் போன்ற நடப்புச் செலவுக்கென்று வேறு தலைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் வேறாக, வேறு பிரிவில் இருக்கும். ஒரு பிரிவு வைத்திருப்பது பக்கத்துப் பிரிவுக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

கேள்வி: விண்ணப்பம் நிறைய வந்தால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லையே அம்மா?

இந்தத் தப்பை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். ஒரு வருடம் 31 விண்ணப்பம் வந்தது. கேட்ட தொகை, கையில் இருந்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். குழு தலையைச் சொறிந்தது. 'கேட்டதில் 30 விழுக்காடு எல்லாருக்கும்' என்று குறிப்பு எழுதினேன். கைதட்டினார்கள். வருடக் கடைசியில் நேரில் பார்க்கப் போனேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பாதி உயரத்தில் நின்றது, அதற்கு மேல் படி. ஒரு குழு ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் வாங்கி வைத்திருந்தது, அதை இயக்கும் கருவிக்குப் பணம் போதவில்லை. 31 பேரில் சொன்ன வேலையை முழுதாக முடித்தவர்கள் வேறு இடத்தில் பணம் வைத்திருந்தவர்கள்தான். அடுத்த வருடம் எல்லாரும் மூன்று மடங்கு ஏற்றிக் கேட்டார்கள். அதைத் தப்பென்று நான் சொல்ல முடியுமா?

அதற்கப்புறம் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: 'எந்தத் தொகைக்குக் கீழே போனால் இந்த வேலையைச் செய்ய இயலாது?' அதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். சிலருக்கு முழுதாக, சிலருக்கு இல்லை. வருத்தம் இருந்தது, ஆனால் பாதிச் சாய்தளம் இல்லை.

விளிம்பில் நாலைந்து விண்ணப்பம் ஒரே மதிப்பெண்ணில் நிற்கும்போது என்ன செய்வது? நான் குலுக்கல் கட்சி. 71க்கும் 72க்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது மதிப்பெண் போட்டவருக்குத் தெரியும். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒருவகை ஆய்வு மானியத்தில் தகுதியானவற்றை வடிகட்டிய பிறகு குலுக்கி எடுக்க ஆரம்பித்தது. விஞ்ஞானிகளுக்குச் சரியென்றால் தெருச் சங்கத்துக்கும் சரிதான்.

கேள்வி: 'உங்கள் பங்காகப் பாதித் தொகை போடுங்கள், மீதியை நாங்கள் தருகிறோம்' என்கிறார்கள். எங்கள் பகுதியில் தினக்கூலிக்காரர்களே அதிகம்.

பங்குத் தொகை விதி வசதியானவர்களின் பக்கம் சாய்ந்தது, சந்தேகமே வேண்டாம். ஆனால் பங்கு என்றால் ரொக்கம்தான் என்று விதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988இல் இப்படி ஒரு நிதியைத் தொடங்கியபோது, மக்கள் கொடுக்கும் உழைப்பு மணிநேரத்தையும் நன்கொடைப் பொருளையும் பங்காகவே எடுத்துக்கொண்டது. மண் வெட்டிய நேரமும் பணம்தான். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கையெழுத்தோடு பதிவேடு வைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் விதியில் இது இல்லையென்றால் இந்த உதாரணத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்துக்குப் போன வருடம் மானியம் கிடைத்தது. வேலையும் முடிந்தது. ஆனால் பொருளாளர் வெளியூர் போய்விட்டார், ரசீதுப் புத்தகமும் அவரோடு போய்விட்டது. மன்றத்திலிருந்து இரண்டாவது நினைவூட்டல் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

மூன்றாவது வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே நீங்களாக எழுதுங்கள். வங்கிக் கணக்குத் தாளை எடுத்து ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே எதற்காகச் செலவானது என்று எழுதுங்கள். யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம் நகல் ரசீது கேளுங்கள். முடிந்த வேலையைப் படம் எடுத்து இணையுங்கள். கணக்கில் வராத தொகை இருந்தால் அதைத் திருப்பிக் கட்டுவதாகவே எழுதுங்கள். ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களை அடுத்த முறை ஒதுக்கிவிட்டதாக எனக்கு நினைவில்லை. பதிலே போடாதவர்களைத்தான் ஒதுக்குவோம்.

இது புதுக் கெடுபிடி ஒன்றும் இல்லை. உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைகளுக்குக் குழு அமைக்க, 30 குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு மாதிரி ஊரின் பிரிவுகள்) பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்றும் அதில் ஒரு பட்டியல் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் அதில் வருகிறார். அவரோடு அவருடைய நெருங்கிய உறவினர்களும்.

பொருளாளர் உங்கள் மைத்துனர் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உத்திரமேரூராக இருந்தால் உங்கள் பெயரும் குடத்துக்குள் போயிருக்காது. ரசீதுப் புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.